நொச்சிக்கால் விலக்கில் யாரும் ஏறவில்லை

நொச்சிக்கால் விலக்கில் நின்ற பெண்ணை ஏற்றாமல் போனது நீங்கள்தான். காலை ஆறு இருபதுக்குத் திருநெல்வேலியில் எடுக்கும் பாபநாசம் வண்டியின் டிரைவரும் கண்டக்டரும்தான். மறுக்க வேண்டாம். நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். கையைத் தூக்கினேன். டிரைவர் தம்பி என்னைப் பார்த்தார். கண்டக்டர் தம்பி கையிலிருந்த டிக்கெட் மெஷினைப் பார்த்தார். வண்டி போய்விட்டது. சக்கரம் கிளப்பிய மண் அவள் சேலையில் விழுந்தது. அவள் தட்டிவிட்டுக்கொண்டாள். நான்தான் கெட்ட வார்த்தை சொன்னேன்.

நம் போக்குவரத்துக் கழகக் கிளையின் ஆண்டு விழா மலருக்குப் பணி அனுபவம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் கண்டக்டர்களுக்குப் பயன்படும் என்றார்கள். "இனிமையான நினைவா இருந்தா நல்லாருக்கும் அண்ணாச்சி" என்றும் சொன்னார்கள். இனிமையான நினைவு என்னிடம் நிறைய இருக்கிறது. அதோடு சேர்த்து இதையும் எழுதுவேன். போடுவதாக இருந்தால் முழுதாகப் போடுங்கள். வெட்டினால் என் பெயரையும் சேர்த்து வெட்டிவிடுங்கள்.

முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்தேன். கடைசிப் பதினொரு வருடம் அதே ஆறு இருபது வண்டி. ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. இன்றைக்கும் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்தால் போவதற்கு இடம் இல்லை. அந்த வண்டியை அப்போது எவ்வளவு திட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மழை பெய்தால் ஒழுகும். ஜன்னல் இறங்காது. கியர் போட்டால் சோற்றுப் பானையை உருட்டியது போலச் சத்தம். ஆனால் சேரன்மகாதேவி தாண்டியதும் இடது பக்கம் மலை தெரியும். கார்த்திகை மாதத்தில் மலையின் பாதி மேகத்துக்குள் இருக்கும். வயலில் நாற்று நட்டிருப்பார்கள். குளிர்ந்த காற்று வண்டிக்குள் வரும்போது பேசிக்கொண்டிருக்கிற ஆட்களும் பேச்சை நிறுத்துவார்கள். அந்தக் காற்றுக்காக நான் சம்பளம் இல்லாமலே இன்னொரு டிரிப் போவேன்.

ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போவது என்பது ஒரே வேலைதான் என்று சேர்ந்த புதிதில் நினைத்தேன். அந்த வண்டிதான் இல்லை என்று காட்டியது. சவூதிக்குப் போகிறவன் பெட்டியை மேலே போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்காருவான். அவன் மனைவி வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்திருப்பாள். வண்டி நகரும்போது இரண்டு எட்டு கூடவே நடந்து வந்து கையை எடுப்பாள். அவனுக்குப் போவது என்றால் குடும்பம் நிமிர்வது. அவளுக்கு இரண்டு வருடம். மணிமுத்தாறுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் வேலை முடிந்து, வீட்டைக் காலி செய்து இறங்கி வந்த குடும்பங்களை ஏற்றியிருக்கிறேன். கட்டில், குடம், கோழிக்கூடு, சாமிப் படம். அவர்கள் இறங்கி வந்த வழியில் திரும்ப ஏற முடியாது. ஒரு பென்சன்காரர் செவ்வாய்க்கிழமைதோறும் பாபநாசம் வருவார். குளிக்க மாட்டார், கோயிலுக்குப் போக மாட்டார், அதே வண்டியில் திரும்புவார். "என்ன அண்ணாச்சி வேலையா வாரீய?" என்று ஒரு நாள் கேட்டேன். "வீட்ல இருந்தா என்னைய நாற்காலின்னு நெனச்சுருதாங்கவே" என்றார். நமக்கோ நகர்த்தப்படுவது என்றால் தண்டனை. மேலே இருக்கிறவருக்குப் பிடிக்கவில்லை என்றால் நம்மை வேறு டிப்போவுக்கு நகர்த்துவார்கள்.

அப்படி ஐந்து முறை நகர்த்தப்பட்டு எங்களிடம் வந்தவர் ஒரு டிரைவர். அவர் பெயரை எழுதவில்லை. "என் பேரை எங்கயும் இழுக்காதியும்" என்று சொல்லிவிட்டார். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. அவர் என்னை உட்காரவைத்து எதையும் சொல்லித் தந்தது இல்லை. பாதி நாள் நாங்கள் சண்டைதான் போட்டோம்.

அவரோடு போட்ட முதல் சண்டையே நொச்சிக்கால் விலக்கில்தான். வீரவநல்லூரைத் தாண்டி, கல்லிடைக்குறிச்சி வருவதற்கு முன்னால், நொச்சிக்கால் ஊருக்குப் பாதை பிரிகிற இடம். ஊர் உள்ளே இரண்டு கிலோமீட்டர். ஒரு டீக்கடை, ஒரு மஞ்சள் போர்டு, வாய்க்கால். ஒரு காலத்தில் அங்கே இருபது பேர் ஏறுவார்கள். களை எடுக்கப் போகிற பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், பீடிக் கட்டுக் கொண்டுபோகிறவர்கள். ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஏறுவார்கள். பிறகு ஊரில் ஒரு பைக் வந்தது, பத்து வந்தது, வீட்டுக்கு ஒன்று வந்தது. வயல் வேலைக்கு ஆள் கூட்டிப் போக வேன் வந்தது. கல்லூரிக்காரர்களே பஸ் விட்டார்கள். வருடத்துக்கு வருடம் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. ஊரே நகரப் பழகிவிட்டது. கடைசியில் விலக்கில் நின்றது பைக்கில் காலைத் தூக்கிப் போட முடியாத ஒரே ஒரு ஆள்.

அவள் பெயர் மீராள். சிறு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பியவள். கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில் ஊரிலிருந்து விலக்குவரை வருவாள். வண்டியை டீக்கடை ஓரம் விட்டுவிட்டு ஊன்றுகோலோடு நிற்பாள். அம்பாசமுத்திரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை. எட்டு மணிக்கு ஜன்னலைத் திறக்க வேண்டும். யாரும் சிபாரிசு செய்து வாங்கித் தந்த வேலை இல்லை. தானே போய்க் கேட்டு வாங்கினது. திரும்பும்போது ஊருக்குள்ளேயே போகிற மினி பஸ் உண்டு. காலையில் அந்த மினி பஸ் ஒன்பது மணிக்குத்தான் வரும். ஆகவே இப்போது அவளுக்கு ஆறு இருபதை விட்டால் வண்டி இல்லை.

நம் வண்டியின் முதல் படி எவ்வளவு உயரம் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு காலும் நன்றாக இருக்கிற ஐம்பது வயதுக்காரருக்கே முழங்கால் இடிக்கும். மீராள் கம்பியைப் பிடித்து, வயிற்றைப் படியில் போட்டு, இழுத்து ஏறுவாள். வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். அதில் தப்பாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த டிரைவர் வந்த மூன்றாவது நாள் போர்டு பக்கத்தில் நிறுத்தாமல் முப்பதடி தள்ளிப் போய் நிறுத்தினார். நான் விசிலை ஊதினேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னவே, விசிலை முழுங்கிருவீரு போல?"

"ஸ்டாப்பு அங்கன இருக்குவே. இங்கன எதுக்கு நிறுத்துதீரு?"

"போர்டையா ஏத்தப் போறோம்? ஆளைத்தானே ஏத்தணும்."

வாய்க்கால் மடையை ஒட்டி அகலமான கல் ஒன்று கிடக்கிறது. சாலையைவிட ஓரடிக்கு மேலே உயரம். சரிவாக இருக்கும் பின்பக்கத்திலிருந்து அதன்மேல் நடந்தே ஏறலாம். அந்தக் கல்லை உரசுவது போல வண்டியை ஒட்டி நிறுத்தினால் முதல் படியும் கல்லும் ஒரே மட்டம். இரண்டு நாளாகப் போகும்போதும் வரும்போதும் அதை அளந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பைய வா தாயி. கல்லு மேல ஏறி நில்லு. வண்டி ஒங்கிட்ட வரும்" என்றார் மீராளிடம்.

அன்றைக்கு அவள் நடந்து ஏறினாள். மெதுவாகத்தான். ஆனால் நடந்து. சேலை கசங்கவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "வேலைக்குப் போற மாரி இருக்கு இன்னைக்குத்தான்" என்றாள். அதுவரைக்கும் அவள் எதைப் போல வந்துகொண்டிருந்தாள் என்று நான் யோசித்ததே கிடையாது.

போர்டைத் தாண்டி நிறுத்தியதற்காக அவருக்கு மெமோ வந்தது. பின்னால் வந்த கார்க்காரர் யாரோ புகார் கொடுத்திருந்தார். மெமோவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாளும் அங்கேயே நிறுத்தினார்.

இப்போது நான் சொல்வதைப் புதிதாக வந்திருக்கிற தம்பிகள் கவனமாகப் படியுங்கள். எப்போதும் நிறுத்த முடியாது. அதுவும் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் வீரவநல்லூரில் ஏறிய ஒருவருக்கு வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நெஞ்சுவலி. நல்ல உடம்புக்காரர். சட்டை முழுக்க வேர்த்து, கண் மேலே செருகிவிட்டது. வண்டி நிறைய ஆள். ஆம்புலன்சுக்குச் சொன்னால் வந்து சேர நேரமாகும், வண்டியிலேயே அம்பாசமுத்திரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தோம். "எங்கயும் நிறுத்தாதீய!" என்று எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். நொச்சிக்கால் விலக்கு வந்தது. மீராள் கல்மேல் நிற்கிறாள். நான் 'போ' என்று இரட்டை விசில் கொடுத்தேன். திரும்பத் திரும்பக் கொடுத்தேன்.

அவர் வேகத்தைக் குறைத்தார். வண்டிக்குள் இருந்தவர்கள் அவரைத் தாயைச் சேர்த்துத் திட்டினார்கள். அவர் நிறுத்தவில்லை. நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்து, இடது பக்கம் சாய்ந்து கத்தினார்.

"தாயி, உள்ள ஒருத்தருக்கு நெஞ்சுவலி! நிறுத்தலை! பின்னால வண்டி வருது, அதுல வா!"

மீராள் கையை ஆட்டி, "போங்க, போங்க" என்றாள். வண்டி பறந்தது. ஐந்து வினாடி ஆகியிருக்கும். பிறகு என்னிடம், "பின்னால வாரவன் கண்டக்டருக்குப் போனைப் போடும்வே. கல்லுகிட்ட நிறுத்தச் சொல்லும்" என்றார். அப்போது இருபது நிமிடம் தள்ளி இன்னொரு வண்டி உண்டு. இப்போது அதையும் எடுத்துவிட்டார்கள்.

நெஞ்சுவலிக்காரர் பிழைத்தார். அவர் மகன் பிற்பாடு டிப்போவுக்கு வந்து சொன்னான். அந்த ஐந்து வினாடிக்காக நான் அன்றைக்கு டிரைவரிடம் சண்டை போட்டேன். "ஒரு உயிரு போகப் போகுது, ஒமக்குப் பேச்சு கேக்குதா?" என்றேன்.

அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "ஏத்தாமப் போறது தப்பில்லவே. ஏன் ஏத்தலைன்னு சொல்லாமப் போனோம்னா, அந்தப் பிள்ளை நாள் முழுக்க தன்னையத்தான் நொந்துக்கிட்டு இருக்கும். நமக்கு அது ஒரு ஸ்டாப்பு. அவளுக்கு அது ஒரு நாளு."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் அவரோடு பேசவில்லை. ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. நீங்கள் அவளைத் தாண்டிப் போன காலையில்தான் ஒத்துக்கொண்டேன். ஒரு விரலைக்கூட நீங்கள் ஆட்டவில்லையே.

அவரைக் கொஞ்ச காலத்தில் மறுபடி நகர்த்திவிட்டார்கள். பிறகு வந்த ஒவ்வொரு டிரைவரிடமும் "மடைக்கல்லுகிட்ட நிறுத்தும்" என்று நான் சொல்லிக்கொண்டேயிருந்தேன். எல்லோரும் நிறுத்தினார்கள். ஓய்வு பெறுகிற நாள்வரை அது நடந்தது. அதைப் பெரிய சாதனையாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நான் செய்த தப்பை இனி எழுதுகிறேன்.

பாஸ் வைத்திருக்கிறவர்களுக்கும் டிக்கெட் கொடுக்க வேண்டும். பூஜ்யம் ரூபாய் டிக்கெட். மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படித்தான். அவர் எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்பது பதிவாகும். பயிற்சியில் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். மீராள் முதல் வாரம் பாஸை எடுத்து நீட்டினாள்.

"அண்ணாச்சி, டிக்கெட்டு?"

"ஒனக்கு எதுக்கு தங்கச்சி டிக்கெட்டு? நம்ம வண்டி. நீ உக்காரு."

மறுநாளும் கேட்டாள். மூன்றாம் நாளும் கேட்டாள். "செக்கிங் வந்தா ஒங்களத்தானே கேப்பாங்க?" என்றாள். "எங்கிட்ட எவன் கேப்பான்? ஒன்னைய இந்த ரூட்ல தெரியாதவன் உண்டா?" என்றேன். வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். செக்கிங் வந்தவர்களும் அவளைப் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவர்களும் என்னைப் போலத்தான்.

அன்பு என்று நினைத்தேன். பாதி அன்பு. மீதி சோம்பேறித்தனம். மெஷினில் ஏறும் ஸ்டேஜை மாற்றி, பாஸ் வகையை அமுக்கி, நம்பரை அடிப்பதற்குள் அடுத்த கூட்டம் ஏறிவிடும். யார் மெனக்கெடுவது? பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட நான் அவளுக்கு டிக்கெட் கொடுக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களும் என்னைப் பார்த்து அப்படியே விட்டுவிட்டார்கள்.

போன மாதம் மீராள் போன் செய்தாள். எடுத்ததும் சொன்னாள். "அண்ணாச்சி, ஆறு இருபது நிக்க மாட்டேங்கு. ஒரு வாரமா ஆட்டோ. அதுவும் ரெண்டு நாளு வரல, ஒன்பது மணி மினி பஸ்ல போனேன். ஆஸ்பத்திரில ஒரு மாசம் பாக்கோம்னுட்டாங்க. அதுக்கு மேல லேட்டா வந்தா வேற ஆள் போட்டுருவாங்களாம்."

நான் மறுநாள் காலையில் போய் அவளோடு நின்றேன். நீங்கள் போனதை அப்போதுதான் பார்த்தேன்.

நாங்கள் இருவரும் ஒரு ஆட்டோ பிடித்து நேரே கிளை அலுவலகத்துக்கு வந்தோம். அன்றைக்கும் அவளால் வேலைக்குப் போக முடியவில்லை. ஆட்டோவில் அவள் காக்கா, கூடப் பிறந்த அண்ணன், சவூதியிலிருந்து போன் செய்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான்தான் மாசா மாசம் அனுப்புதேன்லா? நீ எதுக்கு இப்படி அலையணும்? வேலைய விட்டுட்டு வீட்ல இரு."

"நான் அலையல காக்கா. போறேன்."

"எல்லாம் ஒண்ணுதான்."

"ஒனக்கு ஒண்ணுதான். நீ ரியாத் வரைக்கும் போனே. உம்மா அழுதுச்சு, நீ கேட்டியா? எனக்கு அம்பாசமுத்திரம் வரைக்கும் போனாப் போதும்."

"சரி, சாப்ட்டியா?" என்றான். "சாப்ட்டேன், வை" என்று வைத்துவிட்டாள்.

அலுவலகத்தில் போக்குவரத்துப் பிரிவில் ஒரு தம்பி இருந்தார். மரியாதையான பிள்ளை. நான் மேசையைத் தட்டித்தான் பேசினேன். அவர் கோபப்படவில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"அண்ணாச்சி, வண்டியோட நேரத்தைக் குறைக்கச் சொல்லி உத்தரவு. ஆள் ஏறாத ஸ்டாப்பையெல்லாம் எடுத்துருக்கோம். நொச்சிக்கால் விலக்குல இந்த டிரிப்ல யாருமே ஏறல. பாருங்க."

"என்னவே யாருமே ஏறல? இதோ நிக்குதாள்லா!"

"இப்ப மட்டும் இல்ல அண்ணாச்சி. பழைய கணக்கு வரைக்கும் பின்னால போய்ப் பாத்தேன். கூட்டம் எல்லாம் வண்டி வாங்கிப் போன பிறகு இத்தனை வருஷத்துல ஒரு டிக்கெட்டு கிடையாது. பாஸ் டிக்கெட்டு கூட கிடையாது. ஒங்க காலத்துலயும் கிடையாது."

வருடம் வருடமாக மேலே நகர்த்திக் காட்டினார். ஆறு இருபது வண்டி. நொச்சிக்கால் விலக்கு. பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். பக்கத்திலேயே கண்டக்டர் நம்பர். அது என் நம்பர்.

மேசையைத் தட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மீராள் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்போ நான் பதினோரு வருஷம் ஒங்க வண்டியில வரவே இல்லையா அண்ணாச்சி?" என்றாள்.

சரிந்து கிடந்த அவள் ஊன்றுகோலை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"கேட்டேன்லா அன்னைக்கே, டிக்கெட்டு."

"கேட்டே தாயி."

"சிரிச்சாங்க எல்லாரும். நீங்களும்தான். மூணு நாளு கேட்டேன். அதுக்கு மேல எப்படிக் கேக்க? பொறவு எனக்காகக் கல்லுகிட்ட நிறுத்தச் சொல்லுத ஆளுகிட்ட."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஊன்றுகோலை எடுத்து எழுந்து, அந்தத் தம்பியின் மேசைக்குப் போனாள். "தம்பி, அந்த பூஜ்யத்தை மாத்த முடியுமா?" என்று கேட்டாள். பழைய பதிவை மாற்ற முடியாது என்றார் அவர். வேண்டுமானால் மனு கொடுங்கள், கணக்கெடுப்பு மறுபடி நடக்கும்போது பார்ப்போம் என்றார். எப்போது நடக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. மீராள் அங்கேயே உட்கார்ந்து தன் கையால் மனு எழுதினாள். நான் இன்னொன்று எழுதினேன். இந்தப் பெண் இத்தனை வருடம் தினமும் என் வண்டியில் ஏறினாள், டிக்கெட் கொடுக்காதது என் குற்றம், வேண்டுமானால் என்மேல் நடவடிக்கை எடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாங்கி முத்திரை குத்தி உள்ளே வைத்தார்கள். இரண்டு வாரம் ஆகிறது. பதில் இல்லை. அவளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு மாதத்தில் இன்னும் பதினொரு நாள் மிச்சம் இருக்கிறது.

புதிய கண்டக்டர் தம்பிகளே, இரக்கம் காட்டுவதாக நினைத்து யாருக்கும் டிக்கெட் கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள். கண் தெரியாதவருக்கு, பாஸ் பிள்ளைகளுக்கு, தினமும் பார்க்கிற முகத்துக்கு, எல்லோருக்கும் கொடுங்கள். அந்தத் துண்டுக் காகிதத்தை அவர் இறங்கியதும் கீழே போட்டுவிடுவார், போடட்டும். அவர் அந்த இடத்தில் ஏறினார் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. நீங்கள் சாட்சி என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். நான் வீட்டுக்குப் போன அன்றே அந்தச் சாட்சியும் போய்விட்டது. என் நல்ல மனசு என்னோடு ஓய்வு பெற்றுவிட்டது. மெஷினில் இருந்த பூஜ்யம் வேலையில் தொடர்ந்தது.

ஆறு இருபது வண்டித் தம்பிகள் இருவருக்கும் ஒன்று. உங்கள் கையில் இருக்கிற பட்டியலில் அந்த ஸ்டாப் இல்லை, நிறுத்தினால் மெமோ வரும், வேறு டிப்போவுக்குத் தூக்கிப் போடுவார்கள். எனக்குத் தெரியாதா? என்னோடு ஓடிய ஆள் அதை வாங்கிக்கொண்டுதான் நிறுத்தினார். நீங்களும் வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் ஒரு மெமோவும் வாங்கினது கிடையாது. ஆனால் மெதுவாகப் போய், "தாயி, நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல எந்தப் பட்டியலும் தடுக்கவில்லை. அவளை மரமாகவும் கல்லாகவும் நினைத்துக்கொண்டு போனீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

கிளை மேலாளர் ஐயாவுக்குக் கடைசியாக. இந்த மலர் வெளியாகிற ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு நான் வருகிறேன். மீராளையும் கூட்டி வருகிறேன். மண்டபத்துக்கு நாலு படி இருக்கிறது, ஒரு பலகை போட்டு வையுங்கள். முதலில் மைக்கை என்னிடம் கொடுங்கள். நான் செய்த தப்பை எல்லோர் முன்னாலும் என் வாயால் சொல்கிறேன். அதற்குப் பிறகு நீங்கள் எழுந்து நிற்க வேண்டும். பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லக் கூடாது. மேலே எழுதியிருக்கிறேன் என்று சொல்லக் கூடாது. தபாலில் பதில் அனுப்பக் கூடாது. திங்கட்கிழமை காலையில் ஆறு இருபது வண்டி நொச்சிக்கால் விலக்கில் மீராளை ஏற்றுமா, ஏற்றாதா? அவள் முகத்தைப் பார்த்து, மைக்கில் சொல்லுங்கள்.